காற்று இறக்கிய பூரி

மரகதம் டிபன் ரூமில் என்ன சாப்பிடலாம் என்று ஆட்கள் யோசித்த காலம் ஒன்று உண்டு. தூத்துக்குடியில் பழைய துறைமுகத்துக்குப் போகிற சாலை வளைகிற இடத்தில், கடல் காற்று பெயர்ப்பலகையின் பாதி எழுத்தைத் தின்றுவிட்ட அந்தக் கடையில், ஞாயிற்றுக்கிழமை இரண்டாம் பூசை முடிந்து வருகிறவர்களும், மீன் ஏலம் முடிந்து கையில் செதிலோடு வருகிறவர்களும், காலைச் சாப்பாட்டுக்குப் பிந்தி மத்தியானச் சாப்பாட்டுக்கு முந்தி இருக்கிற அந்த நேரத்தில் வந்து உட்கார்ந்து, ஆப்பத்துக்குப் பாயா வாங்குவதா முட்டைக்கறி வாங்குவதா, இட்லிக்குச் சாம்பார் ஊற்றச் சொல்வதா நேற்றைய மீன்குழம்பு ஊற்றச் சொல்வதா என்று ஒருவரையொருவர் கேட்டுக்கொண்டிருப்பார்கள். கடைக்காரி மரகதம் கல்லாவில் இருந்தபடியே, "பாயா இன்னைக்கு நல்லா வந்திருக்கு" என்று ஒரு வார்த்தை விட்டால் பாதி மேசைகள் பாயாவுக்கு மாறிவிடும். அவளுடைய தாய் கடையை நடத்திய காலத்திலும் அப்படித்தான் இருந்தது. பிறகு, ஐப்பசி மழை வெறித்த ஒரு ஞாயிற்றுக்கிழமையில், அந்த யோசனை அவர்கள் கையை விட்டுப் போனது.

அன்றைக்கு முதலில் வாயைத் திறந்தவர் சிதம்பரநாத பிள்ளை. தபால் ஆபீசில் வேலை பார்த்து ஓய்ந்தவர், சுத்த சைவம், ஜன்னலோர மேசையில் உட்கார்ந்து இரண்டு இட்லியும் ஒரு வடையும் தவிர வேறெதையும் கேட்டு அந்தக் கடையில் ஒருவரும் பார்த்ததில்லை. சப்ளையர் சுடலைமணி பக்கத்தில் போய் நின்றதும் பிள்ளை தலை நிமிர்ந்து, "நாலு ஆப்பம், ரெண்டு பாயா, எலும்பு பெருசா பாத்துப் போடு, போன வாரம் மாதிரி ஏமாத்தாத" என்றார். குரல் பிள்ளையுடையதுதான், பேச்சு அவருடையதில்லை. சுவரோரம் காப்பி குடித்துக்கொண்டிருந்த மீன்காரி மிக்கேலம்மாள் தம்ளரைக் கீழே வைத்துவிட்டு எழுந்து வந்து பிள்ளைக்கு எதிரே உட்கார்ந்தாள். அவளுடைய புருசன், உயிரோடு இருந்தவரைக்கும், ஞாயிற்றுக்கிழமை தவறாமல் அந்த வார்த்தைகளைத்தான் சொல்லுவான். பாயா வந்தது. பிள்ளை அதைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"சாப்பிடுங்கய்யா, ஆறிப்போவும்" என்றாள் மிக்கேலம்மாள்.

பிள்ளை சாப்பிட்டார். எலும்பை உறிஞ்சித் தட்டின் ஓரத்தில் வரிசையாக அடுக்கினார். எழுந்து கைகழுவிவிட்டு வந்து, "எனக்கு வயித்துல ஒண்ணும் இல்லாத மாதிரி இருக்கு மரகதம், பசிக்கு" என்று சொல்லிவிட்டு வீட்டுக்குப் போய் இட்லி சாப்பிட்டார்.

அதற்குப் பிறகு எல்லா ஞாயிற்றுக்கிழமையும் அப்படியே ஆனது. மற்ற நாட்களில் கடை எப்போதும்போல இருந்தது. ஞாயிற்றுக்கிழமை அந்த நேரம் வந்ததும், சாப்பிடக் கேட்க யார் வாயைத் திறந்தாலும் செத்துப்போன யாரோ ஒருவர் சாப்பிட்ட பண்டம் அதில் வந்தது. தன் வீட்டுச் செத்தவர் தன் வாயில் வருவதில்லை, அது எப்போதும் அடுத்தவர் வாய்தான். கேட்டவர் சாப்பிட வேண்டும். சாப்பிட்டது அவருக்குச் சேராது. சாப்பிடாமல் எழுந்து போனால் அன்று முழுக்க நாக்கில் உப்புத் தண்ணீர் நின்றது. செத்தவர்கள் வேறெதுவும் பேசவில்லை. சௌக்கியம் விசாரிக்கவில்லை, ஒளித்துவைத்த நகை எங்கே என்று சொல்லவில்லை, யார் மேலும் குறைப்படவில்லை. சாப்பிட என்ன வேண்டும் என்று மட்டும் சொன்னார்கள்.

ஊர் அதற்குப் பழகிக்கொண்டது. ஞாயிற்றுக்கிழமை மரகதம் கடைக்குப் போகிறவர்கள் வீட்டிலேயே ஒரு வாய் சாப்பிட்டுவிட்டுப் போனார்கள். புதிதாகத் துக்கம் நடந்த வீட்டுக்காரர்கள் சுவரோரமாக வரிசையாக நின்று, தங்கள் ஆளுடைய பேச்சு எந்த வாயிலாவது வருகிறதா என்று காத்திருந்தார்கள். வந்ததும், அந்த வாய்க்குச் சொந்தக்காரர் முன்பின் தெரியாதவராக இருந்தாலும், எதிரே உட்கார்ந்து அவர் சாப்பிடுவதைப் பார்த்து, குழம்பு வேண்டுமா என்று கேட்டு, ஈ ஓட்டினார்கள். பசியோடு எழுந்து போக எதற்கு இங்கே வரவேண்டும் என்று வெளியூர் மருமகள்கள் கேட்டபோது, "நாம போகலைன்னா அதுக எங்க போய்ச் சாப்பிடும்" என்று மிக்கேலம்மாள் சொன்னாள். நம்முடைய ஆள் இன்னொருத்தர் வாயில் சாப்பிடுகிறபோது இன்னொருத்தருடைய ஆளுக்கு நம் வாயைத் தராமல் இருப்பது எப்படி என்று எல்லாருக்கும் தோன்றியது. இதெல்லாம் பிரமை என்று சொல்லிக்கொண்டிருந்த பங்குச்சாமியார் தவக்காலத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில் வெறும் காப்பி கேட்பதற்காக வந்து உட்கார்ந்து, "டபுள் ஆம்லெட், வெங்காயம் தூக்கலா, மிளகு தட்டிப்போட்டு" என்றார். சுவரோரத்திலிருந்து ஒரு பெண், "எங்க மாமா" என்றாள். சாமியார் சிலுவை போட்டுக்கொண்டு அதைச் சாப்பிட்டார். அதற்குப் பிறகு அவர் பிரசங்கத்தில் அந்தக் கடையைப் பற்றிப் பேசவில்லை.

அந்தச் சுவரோரத்தில், தண்ணீர் டிரம்முக்குப் பக்கத்தில், வாராவாரம் வந்து நின்றவர் கஸ்பார். துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ஓய்வு பெற்றவர். மற்றவர்கள் தங்கள் ஆளின் பேச்சு காதில் விழவேண்டும் என்று நின்றார்கள். கஸ்பார் அது காதில் விழக்கூடாது என்று நின்றார். அவருடைய ஒரே மகன் வியான்னி, வெங்காயமும் செங்கலும் ஏற்றிக்கொண்டு மாலத்தீவுக்குப் புறப்பட்ட தோணியில் போனவன். தோணி போய்ச் சேரவில்லை. ஒரு பலகை கூடக் கரை ஒதுங்கவில்லை. மற்ற வீடுகளில் அழுதார்கள். கஸ்பாரின் மனைவி ரெஜினாள் அழவில்லை.

"அவன் நல்லா நீந்துவான். எதாவது ஒரு தீவுல கெடப்பான். செத்திருந்தா மரகதம் கடைக்கு வந்திருப்பாம்லா?" என்றாள்.

அது சரியான பேச்சாகத்தான் எல்லாருக்கும் பட்டது. ஏனென்றால் வியான்னி கேட்கிற பண்டத்தை இன்னொருவர் கேட்க வழியே இல்லை. சின்னப் பிள்ளையாக இருக்கும்போது, உப்பலான பூரி ஒன்றை ஆசையாக விரலால் குத்தப்போய், உள்ளே இருந்த ஆவி முகத்தில் அடித்து இமையெல்லாம் கொப்பளித்துவிட்டது. அதிலிருந்து, மீசை முளைத்துத் தோணிக்குப் போகிற வயசு வந்த பிறகும், மரகதம் கடையில் உட்கார்ந்தால், "ரெண்டு பூரி, காத்த எறக்கிட்டு. கிழங்கு வேண்டாம், சீனி போதும்" என்பான். மாஸ்டர் அடுப்படியிலேயே பூரியைக் குத்தி, தட்டையாக்கி அனுப்புவார். கூட இருக்கிற பையன்கள் சிரிப்பார்கள். அவனும் சிரிப்பான், ஆனால் காற்று இருக்கிற பூரியை அவன் தொட்டதில்லை.

ஆகவே ஞாயிற்றுக்கிழமைகளில் யாராவது "ரெண்டு பூரி" என்று தொடங்கினால் கடை முழுக்கப் பேச்சு நின்றுவிடும். சுடலைமணி அடுத்த வார்த்தைக்குக் காத்து நிற்பான். "கிழங்கு தனியா" என்றோ "குருமா" என்றோ வந்ததும் எல்லாரும் தட்டுகளுக்குத் திரும்புவார்கள். கஸ்பார் டிரம்மிலிருந்து ஒரு தம்ளர் தண்ணீர் மொண்டு குடித்துவிட்டு வீட்டுக்குப் போவார். ரெஜினாள் வாசலில் நிற்பாள்.

"இன்னைக்கும் இல்ல" என்பார்.

"நான்தான் சொன்னேம்லா" என்று சொல்லிவிட்டு அவள் மீன் ஆயப் போவாள். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அந்த வீட்டில் நல்ல சாப்பாடாக இருக்கும்.

கோடை தொடங்கியதும் தோணிக்காரர்கள் வரத் தொடங்கினார்கள். முதலில் தண்டல். பள்ளிக்கூடத்து டீச்சர் ஒருத்தி, "மூணு தோசை, கருகட்டும் பரவால்ல, காப்பி சீனி இல்லாம" என்று கேட்டாள். தோணியை ஓட்டிப்போன தண்டலுடைய மனைவி சுவரோரத்திலிருந்து மெதுவாக நடந்துவந்து அந்த டீச்சர் பக்கத்தில் உட்கார்ந்து, அவள் சாப்பிட்டு முடிக்கிறவரை அவளுடைய முதுகைத் தடவிக்கொண்டே இருந்தாள். அடுத்த சில வாரங்களில் தோணியில் சமையல் பார்த்த கிழவரும், அதற்குப் பிறகு அதே தோணியில் போன அண்ணன் தம்பி இருவரும் ஒரே காலையில் அடுத்தடுத்த மேசைகளில் வந்தார்கள். ஒவ்வொரு தடவையும் மறுநாள் மாதா கோயிலில் துக்க மணி அடித்தது, ஆத்துமப் பூசை நடந்தது, அந்த வீட்டுக்காரர்கள் சுவரோரத்தை விட்டுவிட்டு மற்றவர்களைப் போல மேசைக்குப் போனார்கள். தோணியில் போனவர்களில் வியான்னி ஒருத்தன்தான் மிச்சம். சாமியார் கஸ்பார் வீட்டுக்கே வந்து, வியான்னிக்கும் ஒரு பூசை ஒப்புக்கொடுத்துவிடலாமே என்றார்.

"உசுரோட இருக்கவனுக்கு மணி அடிக்கச் சொல்லுதீயளா சாமி" என்றாள் ரெஜினாள். அவர் டீயைப் பாதியில் வைத்துவிட்டுப் போனார்.

கஸ்பார் மட்டும் இளைத்துக்கொண்டே வந்தார். ஞாயிற்றுக்கிழமை வாசலில், "இன்னைக்கும் இல்ல" என்று சொல்லும்போது தன் குரல் ஒவ்வொரு வாரமும் கொஞ்சம் சின்னதாகிறது என்று அவருக்குத் தெரிந்தது. ரெஜினாளுக்கும் தெரிந்திருக்கும். அவள் கேட்கவில்லை.

மாதா கோயில் திருவிழாவுக்குக் கொடியேறிய வாரம் கடையில் நிற்க இடமில்லை. வெளியூர்க்காரர்கள் உள்ளே வந்தால் விஷயத்தைச் சொல்லி வேறு கடைக்கு அனுப்பிவிடுவது மரகதத்தின் வழக்கம். அன்றைக்கு இருந்த கூட்டத்தில் அவள் கவனிக்கவில்லை. கோகிலவாணி என்ற அந்தப் பெண் சேலத்திலிருந்து வங்கி வேலைக்கு மாற்றலாகி அந்த வாரம்தான் வந்திருந்தாள். குள்ளமான பெண், தோளில் பெரிய பை. கிடைத்த மேசையில் உட்கார்ந்து, சுடலைமணியைப் பார்த்து, "இங்க என்னங்கண்ணா நல்லாருக்கும்?" என்று கேட்டாள்.

அந்தக் கேள்வியை ஞாயிற்றுக்கிழமை அந்தக் கடையில் ஒருவரும் கேட்டு வெகு காலம் ஆகியிருந்தது. சுடலைமணிக்குப் பதில் மறந்துவிட்டது. "வாயத் தொறந்து சொல்லுங்கம்மா, வரும்" என்றான்.

அவள் பொங்கல் கேட்கலாம் என்று வாயைத் திறந்தாள்.

"ரெண்டு பூரி" என்றாள்.

தட்டுகளின் சத்தம் நின்றது. கஸ்பார் டிரம்மின் விளிம்பைப் பிடித்துக்கொண்டார்.

"காத்த எறக்கிட்டு. கிழங்கு வேண்டாம், சீனி போதும்."

சுடலைமணி அதை உள்ளே கூவவில்லை. மரகதம் கல்லாவை விட்டு இறங்கி அடுப்படிக்குப் போனாள். மாஸ்டரை நகரச் சொல்லிவிட்டு அவளே பூரி தேய்த்து எண்ணெயில் போட்டு எடுத்து, கரண்டிக் காம்பால் ஒவ்வொன்றையும் குத்தினாள். ஆவி மெல்லிய சீறலோடு வெளியே வந்தது. கடைசி மேசைவரைக்கும் அது கேட்டது.

கஸ்பார் கோகிலவாணிக்கு எதிரே போய் உட்கார்ந்தார். தட்டு வந்தது.

"ஐயா, நான் பொங்கல் சொல்லலாம்னுதாங்க வந்தேன்" என்றாள் அவள். எல்லாரும் தன்னைப் பார்ப்பதைக் கண்டு பையை மடிக்கு இழுத்துக்கொண்டாள்.

"தெரியும்மா. பயப்படாத. சூடு ஆறுறதுக்குள்ள சாப்பிடு."

அவள் பூரியின் விளிம்பை வட்டமாகக் கிள்ளிக்கொண்டே வந்து, சீனியில் ஒற்றி ஒற்றித் தின்று, நடுப்பகுதியைக் கடைசிக்கு வைத்தாள். கஸ்பார் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தார். அவர் கண்ணில் தண்ணீர் வரவில்லை.

அவள் முதல் பூரியை முடித்தாள். ஒருவரும் எழுந்து போகவில்லை. சாப்பிட்டு முடித்தவர்கள் கை காய உட்கார்ந்திருந்தார்கள். முதலில் வெளியே போகிறவர் அந்தச் செய்தியைத் தூக்கிக்கொண்டு தெருவில் நடக்கிறவராக ஆகிவிடுவார், அதை ஒருவரும் விரும்பவில்லை. வெளியே திருவிழாக் கடைகளின் ஊதல் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. நேரம் போய்க்கொண்டே இருந்தது. மத்தியானச் சாப்பாட்டுக்கு உலை வைக்க மாஸ்டருக்கு ஒருவரும் சொல்லவில்லை.

கஸ்பாரைக் காணாமல் ரெஜினாளே தேடிக்கொண்டு வந்தாள். தோணி போனதிலிருந்து அவள் அந்தக் கடைப் படியை மிதித்ததில்லை. வாசலில் வந்து நின்று உள்ளே பார்த்தாள். அவள் பார்த்த முகமெல்லாம் தட்டுக்குக் குனிந்தது. அவள் மேசைகளுக்கு நடுவே நடந்துவந்து, விரலில் சீனி ஒட்டியிருக்கிற அந்தப் பெண்ணையும், தட்டில் மிச்சமிருந்த காற்றில்லாத பூரியையும் பார்த்தாள்.

"என்ன கேட்டா?" என்று புருசனிடம் கேட்டாள்.

கஸ்பார் தட்டிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"ரெண்டு பூரி" என்றார். பிறகு, "காத்த எறக்கிட்டு" என்றார். சீனியை அவரால் சொல்ல முடியவில்லை.

ரெஜினாள் அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள். கோகிலவாணி கடைசி விள்ளலை வாயில் போட்டாள். சுடலைமணிக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. வேலையில் சேர்ந்ததிலிருந்து காலியான தட்டைக் கண்டால் கேட்டுப் பழகியதை அவன் வாய் தானாகக் கேட்டுவிட்டது. "வேற என்ன வேணும்?"

"அம்மாவுக்கு ஒரு பிளேட்டு" என்றாள் கோகிலவாணி.

சொல்லிவிட்டு அவளே இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள். அதுவரைக்கும் செத்தவர் யாரும் உயிரோடு இருக்கிறவர்களுக்கு எதுவும் கேட்டதில்லை. ஒரு தாய் தன் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு சுவரோடு ஒட்டி நின்றாள்.

மிக்கேலம்மாள்தான் பேசினாள். "சுடலமணி, அத எடுத்தாராத. செத்தது கூப்பிட்டுச் சோறு போடுது, தின்னா கூடவே கூட்டிட்டுப் போயிரும். ரெஜினா, எந்திச்சு வீட்டுக்குப் போ நீ."

ரெஜினாள் எழுந்தாள். குழாயடிக்குப் போய்க் கை கழுவி, சேலையில் துடைத்துக்கொண்டு, திரும்பவும் அதே இடத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"எம் மவன் எனக்கு வாங்கித் தாரான் மிக்கேலு" என்றாள். "கொண்டா மணி."

சுடலைமணி மரகதத்தைப் பார்த்தான். மரகதம் தலையசைத்தாள். அவன் அடுப்படிப் பக்கம் திரும்பிவிட்டு மறுபடியும் நின்றான். "மயினி, காத்த எறக்கணுமா?"

ரெஜினாள் சீனி ஒட்டியிருந்த காலித் தட்டைப் பார்த்தாள். "வேண்டாம். எனக்கு அப்படியே கொண்டா."

பூரி இரண்டும் பந்துபோல உப்பி வந்தன. அவள் ஒன்றை நகத்தால் கீறினாள். ஆவி எழுந்து அவள் முகத்தில் அடித்தது. அவள் முகத்தைத் திருப்பவில்லை, அது அடங்குகிறவரை அப்படியே குனிந்திருந்தாள். நிமிர்ந்தபோது முகம் முழுக்க ஈரமாக இருந்தது. கடையே அவளுடைய மூச்சைப் பார்த்துக்கொண்டிருக்க, விளிம்பைக் கிள்ளிக் கிள்ளி, சீனியில் ஒற்றி, இரண்டையும் தின்று முடித்தாள். அவளுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஒரு ஏப்பம் வந்தது. ஏதோ தனக்குச் சேரவேண்டியது சேர்ந்ததுபோல வயிற்றில் கை வைத்துக்கொண்டாள்.

பிறகு கோகிலவாணியைப் பார்த்து, "உனக்குப் பசிக்குமே" என்றாள்.

கோகிலவாணி தலையாட்டினாள். அவளுக்கு முந்தின நாளிலிருந்தே சாப்பிடாததுபோல இருந்தது.

"வா வீட்டுக்கு."

மூன்று பேரும் வெளியே வந்தார்கள். வெயிலில் தெரு வெளுத்துக்கிடந்தது. கோகிலவாணி பையைத் தோளில் போட்டுக்கொண்டு முன்னால் நடந்தாள். ஐஸ் பிளாண்ட் சந்தில் திரும்பினாள். சந்து மூன்றாகப் பிரிகிற இடத்தில் நிற்காமல் நடுச் சந்தில் போனாள். சாக்கடைப் பலகை ஆடுகிற இடத்தில் ஓரமாகக் கால் வைத்தாள். அவளுக்கு வழி சொல்லியவர் யாரும் இல்லை. கஸ்பாரும் ரெஜினாளும் ஒருவரையொருவர் பார்க்காமல் பின்னால் நடந்தார்கள். பச்சைக் கதவு வந்ததும் அவள் நின்று, செருப்பை வலது பக்கம் கழற்றி வைத்துவிட்டு, தலையைக் குனிந்து நிலையைத் தாண்டி உள்ளே போனாள். நிலை அவள் தலைக்கு மேலே ஒரு முழம் இருந்தது. அந்த நிலைக்குக் குனிய வேண்டிய உயரம் அந்த வீட்டில் ஒருத்தனுக்குத்தான் இருந்தது.

உள்ளே போனதும் அவள் திரும்பி, இது யார் வீடு என்பதுபோலச் சுற்றிலும் பார்த்தாள். "உட்காரலாங்களா?" என்று கேட்டாள். அது சேலத்துப் பேச்சாக, அவளுடைய பேச்சாக இருந்தது.

"உக்காரு. என்ன சாப்பிடுத?"

கோகிலவாணி வாயைத் திறக்கவே பயந்தாள். பிறகு மெதுவாக, ஒவ்வொரு சொல்லையும் தொட்டுப் பார்த்துச் சொல்வதுபோல, "ரசம் இருந்தா கொஞ்சம் சோறு போதுங்கம்மா" என்றாள். அது அப்படியே வந்ததில் அவளுக்கு அழுகை வந்துவிட்டது.

கஸ்பார் உள்ளே வரவில்லை. வாசலில் நின்று, "நான் சாமியார்ட்ட போய்ட்டு வாரேன்" என்றார். ரெஜினாள் அவரைத் திரும்பிப் பார்த்து, சரி என்று தலையசைத்தாள்.

அவள் அடுப்பைப் பற்றவைத்தாள். புளி கரைத்தாள், மிளகு தட்டினாள், ரசம் நுரைகட்டி வருகிறவரை பக்கத்திலேயே நின்று இறக்கினாள். தட்டில் சோற்றைப் போட்டு நடுவில் குழித்து ஊற்றினாள். அந்தப் பெண் ஊதிக்கொண்டே வேகமாகச் சாப்பிட்டாள்; அவள் சாப்பிடுகிற விதத்தில் ரெஜினாளுக்குத் தெரிந்த எதுவும் இல்லை. இரண்டாவது தடவை சோறு வைக்கும்போது கோயில் மணி அடிக்கத் தொடங்கியது. திருவிழா மணியைப் போல அடுக்கடுக்காக இல்லாமல், ஒன்று அடித்து, அது முழுக்க ஓய்ந்த பிறகு இன்னொன்று அடித்தது.

கோகிலவாணி கையில் பிடியோடு நிமிர்ந்தாள். "யாருக்குங்கம்மா மணி அடிக்கிறாங்க?"

"எம் மவனுக்கு" என்றாள் ரெஜினாள். "நீ சாப்பிடு."